வாய்க்கால் பாலத்தில் ஏறியவர்கள்

நானூறு மீட்டருக்குள் இரண்டு பஸ் நிறுத்தம் கூடாது என்பது எங்கள் திட்டத்தின் விதி. நல்ல விதிதான். ஒரு பஸ் ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் இருபது வினாடி போகிறது, டீசல் போகிறது, பின்னால் சைக்கிளில் வருகிறவன் புகையைக் குடிக்கிறான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சாய்கிருஷ்ணன். என்னைவிட ஒன்பது வயது இளையவர். டெல்லியில் நகரமைப்பு படித்துவிட்டு நேராக எனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தவர். அவர் மேல் எனக்கு வருத்தம் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எதன் மேலும் எனக்குப் பெரிதாக வருத்தமோ சந்தோஷமோ வந்து பல வருஷம் ஆகியிருந்தது. பத்தரைக்கு ஆபீஸ், ஐந்தரைக்கு வீடு, நடுவில் இரண்டு காபி.

அது தொண்ணூற்றாறு. திருநெல்வேலி மாநகராட்சியாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. வண்ணார்பேட்டையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ரோட்டைக் கடக்க நின்றால் ஆறே காலுக்குத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர முடியும். ரோட்டை அகலப்படுத்து, கடைகளை இடி என்று எல்லோரும் கத்தினார்கள். சாய்கிருஷ்ணன் மட்டும் மாட்டேன் என்றார். கார்க்காரனுக்கு ரோடு போட்டால் இன்னும் நான்கு கார் வரும், பஸ்ஸை ஒழுங்காக விட்டால் பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் உள்ள ஜனம் அத்தனையும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குத் திரும்பும் என்றார். நகரத்துக்கும் ஆற்றங்கரை ஊர்களுக்கும் சேர்த்து இருபது வருஷத்துக்குத் தாங்குகிற திட்டம். சுவர் முழுக்க வரைபடம் ஒட்டி, நிறுத்தத்துக்கு ஒரு குண்டூசி குத்தி வைத்திருந்தார். அவர் பேசும்போது எனக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சேரன்மகாதேவி வழியாகப் போகும் மேற்கு ரோடு என் பொறுப்பு. "உங்க சொந்த ஊர் அந்த ரூட்லதானே சார்? நீங்க பண்ணினா சரியா இருக்கும்" என்றார். தென்கால்மங்கலம் என் ஊர். சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா அங்கே ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்து, அங்கேயே செத்துப்போனார். வீட்டை விற்றுவிட்டோம்.

தென்கால்மங்கலத்தில் நிறுத்தம் என்பது கல்மண்டபம். அதன் படியில் உட்கார்ந்துதான் பன்னிரண்டு வருஷம் நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அதிலிருந்து கிழக்கே நூற்றெண்பது மீட்டரில் வாய்க்கால் பாலம். பாலத்தில் நிறுத்தம் கிடையாது. ஆனால் அங்கே வரும்போது எல்லா டிரைவரும் பஸ்ஸைப் பைய உருட்டுவார்கள். பாலத்துக்குத் தெற்கே உள்ள காலனி ஜனங்கள் ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள். காலனிக்காரர்கள் மண்டபத்தில் நிற்பதில்லை. மண்டபத்துப் பக்கம் வேலையாக வந்திருந்தால்கூட நடந்து பாலத்துக்குப் போய்த்தான் ஏறுவார்கள். யாரும் இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு பையன் சைக்கிளை மண்டபத்துத் தூணில் சாய்த்துவிட்டு நின்றான். பாளையங்கோட்டையில் எங்கேயோ வேலை கிடைத்து, புதுச்சட்டை போட்டிருந்தான். படியில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் எழுந்து, ஒன்றும் பேசாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டார்கள். நான் வேர்க்கடலை தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் அந்தச் சைக்கிளை எடுத்தார்கள். அந்தப் பையன் பிறகு பாலத்தில் ஏறினான்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

எண்ணிக்கை எடுத்தது ஆகஸ்டில். கல்லூரி மாணவர்களைப் பிடித்து, ஆளுக்கொரு அட்டையும் நீலப் படிவமும் கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நாள் உட்கார வைத்தோம். எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று கோடு கிழிக்க வேண்டும், ஐந்தாவதைக் குறுக்கே கிழிக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் உட்கார வேண்டும் என்ற பட்டியலை நான்தான் தயாரித்தேன். தென்கால்மங்கலம் என்று வந்ததும் மண்டபம் என்று எழுதினேன். பாலத்தை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து எழுதாமல் விடவில்லை. பாலம் என் நினைவிலேயே வரவில்லை. அதுதான் உண்மை, அது நல்ல உண்மையும் இல்லை.

செப்டம்பரில் சாய்கிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள் வைத்திருந்தார். "சுந்தர்ராமன் சார், இந்த ஒரு இடம் மட்டும் உதைக்குது. உங்க ஊர்தான். நம்ம பசங்க எண்ணினது ஒரு நாளைக்கு நாற்பத்தொண்ணு. ஆனா மண்டபம்னு போட்டுக் கிழிச்ச டிக்கெட் நூத்திமூணு. மத்த இடத்துலல்லாம் ரெண்டு மூணுதான் வித்தியாசம் வருது. இங்க அறுபத்திரண்டு பேர் எங்கேர்ந்து வந்தாங்க?"

எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. பாலத்துக்கு என்று தனி ஸ்டேஜ் கிடையாது. அங்கே ஏறுகிறவர்களுக்குக் கண்டக்டர்கள் முந்திய ஸ்டேஜ் பெயரில், மண்டபம் என்று கிழித்துக் கொடுப்பார்கள். அறுபத்திரண்டு பேர் என்பது காலனிதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான்கு வாக்கியம் தேவைப்படும். அவர்கள் பாலத்தில் ஏறுகிறார்கள். ஏன் என்றால் மண்டபத்தில் நிற்க முடியாது. ஏன் நிற்க முடியாது என்றால். நான்காவது, இது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அந்த வாலிபர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதல் வாக்கியமே வரவில்லை.

"கண்டக்டருங்க ஸ்டேஜை மாத்திக் கிழிச்சிருப்பாங்க சார்" என்றேன்.

"அவ்வளவு பேருக்கா?"

"கூட்ட நேரத்துல அப்படித்தான் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நூற்றிமூன்றை அடித்துவிட்டு நாற்பத்தொன்றை வைத்துக்கொண்டார். ஒரு பழியைப் பெயர் தெரியாத கண்டக்டர்கள் மேல் போட்டுவிட்டு நான் காபி குடிக்கப் போனேன்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் வெள்ளோட்டம் தொடங்கியது. மேற்கு ரோட்டில் மட்டும் பத்தொன்பது இடங்களில் பஸ் நிற்காது என்று ஆயிற்று. நிறுத்தங்களின் பட்டியலை ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் தலைக்கு மேலே ஒட்டினோம். பட்டியலில் இல்லாத இடத்தில் ஆளை ஏற்றினால் கண்டக்டருக்கு மெமோ. செக்கிங் ஜீப் ஒன்று ரோட்டில் திரிந்துகொண்டே இருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஜங்ஷனுக்குப் பதினோரு நிமிஷம் குறைந்தது. பேப்பரில் பாராட்டி எழுதினார்கள். சாய்கிருஷ்ணன் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை நான் வண்ணார்பேட்டையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு ஆபீசுக்கு வந்தேன். பாதி முகம் என்னுடையதாக இல்லை. என் மேஜைக்கு எதிரே ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் நான்காக மடித்த மனு. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சாமி, எம்பேரு முப்பிடாதி. தென்கால்மங்கலம் காலனி. வாய்க்கா பாலத்துல பஸ்ஸு நிக்க மாட்டேங்கு சாமி. முன்ன பைய உருட்டுவாவ, ஏறிக்கிடுவோம். இப்பம் செக்கிங் கெடக்குன்னு நிப்பாட்ட மாட்டேங்காவ."

மனுவை வாங்கிப் பிரித்தேன். முத்து முத்தான கையெழுத்து. ஐயா, எங்கள் ஊர்ப் பாலத்தில் காலை ஐந்து ஐம்பது பஸ் மட்டுமாவது நின்று செல்ல ஆவன செய்யுமாறு, என்று போயிற்று.

"எம் மவ எழுதுனது. பிரியதர்ஷினி. பாளையங்கோட்டையில லேபு படிக்கா. காலம்பற ஏழரைக்கு ரத்தம் எடுக்க அங்கன நிக்கணுமாம். மொத பஸ்ஸை விட்டா முடிஞ்சுது. ரெண்டு தடவ லேட்டாப் போனா ஒரு நாளு லீவுன்னு போடுதாவளாம். இன்னும் அஞ்சு மாசந்தான் சாமி. முடிச்சுட்டான்னா வேல இருக்கு."

"அடுத்த நிறுத்தம்?" பஞ்சை ஒதுக்கிக்கொண்டு கேட்டேன்.

"ஆலமர வெலக்கு. மூணு கிலோமீட்டரு. அங்கனதான் நடந்து போறா. நாலே முக்காலுக்கு எறங்கணும், கும்மிருட்டு. பொம்பளப் பிள்ளைய ஒத்தையில விட முடியுமா? நானுங்கூடப் போயிட்டுத் திரும்புதேன். வந்து பாத்தா அறுப்புக்கு ஆளுவ போயிருதாவ. எனக்கு வேல இல்லாமப் போவுது."

அப்போது நான் ஒன்று சொன்னேன். பல் வலியில் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலியே இல்லை, ஊசி போட்டிருந்தார்கள்.

"மண்டபம் நூத்தெண்பது மீட்டர்தானே? அங்கன போய் நின்னு ஏறிக்கிடலாமே?"

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"நீங்க அரிகர வாத்தியார் மவன்தானே சாமி?"

"ஆமா."

"அப்பம் சரி" என்றாள்.

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். மனுவை மேற்கு ரோடு கோப்பில் கடைசித் தாளாகக் கோத்தேன். தபால் பதிவேட்டில் ஏற்றவில்லை. மதியத்துக்குள் தாடையில் உணர்வு வந்துவிட்டது, வலித்தது.

மார்ச்சில் இறுதிக் கூட்டம். நீண்ட மேஜை, பெரிய அதிகாரிகள், முந்திரி பக்கோடா. சாய்கிருஷ்ணன் ஒவ்வொரு ரோடாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "மேற்கு ரோடு. ஆட்சேபணை ஏதாவது வந்திருக்கா சார்?" கோப்பு என் மடியில் இருந்தது. மேஜையின் அந்தக் கோடியில் தென்கால்மங்கலத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அப்பாவிடம் படித்தவர். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். தூக்கம் நன்றாகவே வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

ஜூன் மாதம் சாய்கிருஷ்ணன் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது மனுவைப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு நீட்டினார். "என்ன சார் இது? பிப்ரவரி தேதி போட்டிருக்கு. நீங்க சொல்லவே இல்லையே?"

"நானூறு மீட்டருக்குள்ள வருது சார். அதான்."

"விதி நம்ம போட்டதுதானே சார், மாத்த முடியாதா? அந்தப் பொண்ணு எவ்வளவு தெளிவா எழுதியிருக்கு பாருங்க." அவருக்கு உண்மையாகவே முகம் வாடியது. "ஒண்ணு பண்ணுங்க. நீங்களே போய்ப் பாலத்துல நின்னு காலைல எண்ணிட்டு வாங்க. பதினைஞ்சு பேர் ஏற வந்தா போதும், அடுத்த மாசமே நிறுத்தம் போட்டுடலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

பதினைந்து. அறுபத்திரண்டு பேர் இருக்கிற இடத்தில் பதினைந்து. அவர் அறையை விட்டு வெளியே வந்தேன். எதையும் வாய்விட்டுச் சொல்லாமலே இது சரியாகிவிடும் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சந்தோஷம்.

முந்தின நாளே போய்ச் சேரன்மகாதேவியில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன்னே வாடகை சைக்கிளில் தென்கால்மங்கலம் வந்தேன். சைக்கிளை மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் விட்டுவிட்டு, ஐந்தே காலுக்குப் பாலத்துக்கு நடந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். நீலப் படிவம், அட்டை, இரண்டு பேனா. கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்ததால் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கு வெளுத்தது. மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் பஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தது தெரிந்தது. பாலத்துக்கு ஒருவரும் வரவில்லை.

ஐந்தரை ஆயிற்று. காலனியிலிருந்து ஒரு லாரி வந்தது. செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றிப் போகிற லாரி. ஆண்களும் பெண்களும் நெருக்கி நின்றுகொண்டிருந்தார்கள். இருபதுக்கு மேல் இருக்கும். பாலத்தைக் கடந்து போய்விட்டது. லாரியை எண்ண என் படிவத்தில் இடமில்லை.

ஐந்தே முக்காலுக்கு வாய்க்கால் கரையில் இரண்டு பேர் வந்தார்கள். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. முன்னால் முப்பிடாதி. பின்னால் வந்தவள் கண்ணாடி போட்டிருந்தாள். நாற்று வேரிலிருந்து சேற்றுத்தண்ணீர் கண்ணாடி மேலே வடிந்துகொண்டிருந்தது.

முப்பிடாதி நின்றாள். "என்ன சாமி இங்கன?"

"ஆள் எண்ண வந்தேன். மனு கொடுத்தியேம்மா. பதினஞ்சு பேர் வந்தா நிறுத்தம் போட்டுருவாங்க."

"இப்பமா?" என்றாள்.

பின்னால் நின்றவள்தான் பேசினாள். "எத்தன பேரு சார் வந்திருக்காங்க?"

அட்டையைத் திருப்பிக் காட்டினேன். குனிய முடியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள்.

"இங்கன நின்னா பஸ் நிக்காதுன்னு ஆறு மாசமா எல்லாருக்கும் தெரியும் சார். பொறவு யாரு வந்து நிப்பா?"

"நீ படிக்கிற இடம்?"

"ஏப்ரல்லயே பேரை எடுத்துட்டாங்க. நாள் பத்தலை. ஒரு நாள் மண்டபத்துல போய் நின்னேன் சார். யாரும் ஒண்ணும் சொல்லலை. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். மறுநாள்லருந்து அம்மையை அறுப்புக்குக் கூப்பிடலை. அந்த அறுப்பு முடியிற வரைக்கும் கூப்பிடலை" என்றாள்.

"வாட்டீ, நேரமாவுது" என்றாள் முப்பிடாதி. பிறகு என்னைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் நிக்கோமே சாமி, எங்களச் சேத்துக்கிட முடியாதா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"பஸ்ல ஏறினாத்தான்மா கணக்கு" என்றேன்.

அந்தச் சமயம் பஸ் வந்தது. மண்டபத்தில் நின்று, ஆள் ஏற்றி, வேகமெடுத்து வந்தது. நான் கையைக் காட்டவில்லை. சத்தியமாகக் காட்டவில்லை. பாலத்தில் ஏறியதும் டிரைவர் என்னைப் பார்த்தார். பேண்ட், முழுக்கைச் சட்டை, பேனா, அட்டை. பிரேக் போட்டார். பஸ் என் முன்னால் வந்து நின்றது.

கண்டக்டர் இசக்கிதுரை, நான் கல்லூரி போன காலத்திலிருந்தே தெரிந்தவர், படியிலிருந்து குனிந்தார். "சாமியா! இங்கன எதுக்கு நிக்கிய? ஏறுங்க, ஏறுங்க, செக்கிங் வந்துரப் போவுது."

திரும்பிப் பார்த்தேன். பிரியதர்ஷினி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர்களுக்கு நின்றிருப்பீரா வே என்று இசக்கிதுரையிடம் கேட்டிருக்கலாம். குறைந்தது, ஏறாமல் நின்றிருக்கலாம். சைக்கிள்கூட டீக்கடையில்தான் கிடந்தது. எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்து ஏறினேன்.

இசக்கிதுரை டிக்கெட்டைக் கிழித்தார். "பாலத்துக்கு ஸ்டேஜு கெடையாதுல்லா, மண்டபம்னு போட்டுருதேன்."

"முன்னயும் அப்படித்தான் போடுவீங்களா அண்ணாச்சி?"

"எப்பமும் அப்படித்தானே. ஒங்களுக்குத் தெரியாததா?"

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு நாற்றுக்கட்டும் வரப்பில் இறங்கிப் போவது கொஞ்ச தூரம் தெரிந்தது. பழைய தாள், நூற்றிமூன்றும் நாற்பத்தொன்றும் எழுதின தாள், ஆபீஸ் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்து சாய்கிருஷ்ணன் மேஜையில் வைத்து, நான்கு வாக்கியம் பேசினால் போதும். சேரன்மகாதேவி தாண்டும்வரை அந்த நான்கையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பேட்டை வந்தபோது இரண்டு மறந்துபோயிற்று.

பதினோரு மணிக்கு அவர் அறைக்குள் போனேன். பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார். "எத்தனை சார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"யாரும் வரல சார்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

படிவத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் மனுவின் மூலையில், நேரில் ஆய்வு செய்யப்பட்டது, தேவை எழவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. வாய்க்கால் பாலம், காலை ஐந்தே கால் முதல் ஐந்து ஐம்பது வரை, ஏறியவர்கள் பூஜ்யம். நான் ஏறியது மண்டபத்தில். டிக்கெட் என்னிடம் இருக்கிறது.